லத்தீன் ஹவுஸ் இசையில் தவில் ஒட்டாதது ஏன்?

சாட்ஸ்வொர்த் தாளக்காரன் கேட்டது:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் திருமண வரவேற்புகளிலும் சில இரவு விடுதிகளிலும் டிஜே பணி செய்கிறேன். காங்கா, டிம்பாலே என்ற கியூப மேளங்கள் நிறைந்த லத்தீன் ஹவுஸ் (மின்னணு நடன இசை) பாடலொன்றின் மேல், காவடித் திருவிழாவில் வாசிக்கும் தவில்காரரிடம் பதிவு செய்த ஆதி தாள வாசிப்பைச் சேர்த்தேன். இரண்டும் நிமிடத்துக்கு 124 அடிகள்தாம். ஆயினும் இரண்டு கோஷ்டிகள் தனித்தனியே வாசிப்பதுபோல் கேட்கிறது. தவறு எங்கே?

கடைசி வரிசை மிருதங்கம்:
வேகத்தைப் பொருத்திய நீங்கள் கிளாவேயைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கியூப இசையின் முதுகெலும்பான அந்தத் திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டு, 16 நுண்ணடிகளுக்குள் (ஓர் அடிக்கு நான்கு) ஐந்தே தட்டுகள் கொண்டது. நம் சொற்கட்டில் ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் கைதட்டிப் பாருங்கள். அதுவே சோன் கிளாவே. முற்பாதியில் மூன்று தட்டுகள், பிற்பாதியில் இரண்டு. அடியில் கிக் (கனத்த டிரம் ஒலி) நான்கு அடிகளிலும் சமமாக விழ, மேலே இந்தக் கோணல் ஓடுவதால்தான் ஆடுபவரின் இடுப்பு அசைகிறது. உங்கள் தவில்காரர் ஆவர்த்தன (தாளச் சுற்று) முடிவில் ‘தகிட தகிட தக’ என்று முடிப்பு வைத்திருந்தால், அது இரண்டு தட்டுப் பாதியின் மேல் விழுந்து மோதும். பாதிகள் இடம் மாறிய, அதாவது 2-3 என்று தொடங்கும் பாடல்களும் உண்டு; எது எந்த வகை என்பதைத் திரையில் தேடாமல் கைதட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உம்கேனி ஆற்றங்கரை:
மேலே சொன்னது சரி. ஒலியும் ஒரு காரணம். தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையும் காங்காவும் ஒரே ஒலி எல்லைக்குப் போட்டியிடுவதால், தவில் வரும்போது காங்காவைக் குறைத்துவிடுங்கள். இந்த வேகத்தில் ஒரு நுண்ணடி ஏறத்தாழ 121 மில்லிவினாடி. தவில்காரரின் கை அதில் சற்றே பிந்தினால் அப்படியே விடுங்கள், கணினியின் நுண்ணடிக் கோட்டில் ஒட்டவைத்தால் உயிர் போய்விடும். நியூயார்க்கின் லூயி வேகா, கென்னி கோன்சாலஸ் என்ற மாஸ்டர்ஸ் அட் வொர்க் இணையரைக் கேளுங்கள். நம் ஊர் மின்னணு நடன இசையான க்வோமில் கிக் நான்கிலும் சமமாக விழுவதில்லை என்பதால், கோணல் தாளத்துக்கு டர்பன் கால்கள் பழகியவைதாம். (பெரியவர்கள் மட்டும் சற்று முகம் சுளிப்பார்கள்.)

சாட்ஸ்வொர்த் தாளக்காரன்:
கைதட்டிப் பார்த்தேன், என் பாடல் 3-2 வகை, முடிப்போ நீங்கள் சொன்ன அதே தகிட தகிட தக. வாசிப்பை இரண்டு அடி தள்ளினால் சமம் (ஆவர்த்தனத்தின் முதல் அடி) போய்விடுகிறது. ஆகவே பாடலையே 2-3 வகைக்கு மாற்றினேன். இப்போது இரண்டும் சேர்ந்து முடிகின்றன. காங்காவைக் குறைப்பதுதான் மிச்சம்.