அட்டாக் ஆன் டைட்டன் அனிமேவின் கடைசிப் பகுதி 2023 நவம்பர் 4: மாங்கா படித்துவிடலாமா, காத்திருக்கலாமா?

சுவரேறி:
இந்த ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் மார்ச்சில் வந்த ஒரு மணி நேரப் பகுதியை மறுபடி பார்த்தேன். ராம்ஸி என்கிற அந்தப் பையன் முன்னால் கதாநாயகன் எரன் விழுந்து மன்னிப்புக் கேட்டு அழுகிறானே, அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. அப்போது இன்னும் எதுவுமே நடக்கவில்லை, பையனுக்கு ஒன்றும் விளங்காமல் முழிக்கிறான், கொஞ்ச நேரத்தில் அதே பையன் எரன் ஏவிவிட்ட டைட்டன்கள் என்கிற ராட்சதர்களின் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறான். செய்யப்போகிறோம் என்று தெரிந்தே முன்கூட்டி அழுகிறவனுக்கு எந்த முடிவைக் கொடுத்தால் சரியாக இருக்கும்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. மாங்கா (இந்தக் கதையின் மூலமான காமிக்ஸ்) படித்த நண்பன் ஒருவனிடம் கேட்டால் ஒரு மாதிரி சிரிக்கிறான், அது இன்னும் கடுப்பு.

கேள்வி இதுதான். இருக்கிற நாட்களில் மாங்காவின் கடைசி அத்தியாயங்களைப் படித்துவிடலாமா? வேண்டாம் என்றால் மறுபடி எதைப் பார்ப்பது? 87 எபிசோடையும் பார்க்க நேரமில்லை.

பேஸ்மென்ட்_சாவி:
படிக்காதீர்கள் ப்ரோ. 2009 செப்டம்பரில் தொடங்கிய மாங்கா, மாதம் ஒரு அத்தியாயமாக வந்து 2021 ஏப்ரலில் 139-வதோடு முடிந்தது. அத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கடைசி அத்தியாயம் ரொம்ப நெருக்கியடித்து எழுதியதாகப் பட்டது, எனக்கும்தான். நெட்டில் அடிதடியே நடந்தது. அப்புறம் 34-வது தொகுதியில் மாங்காவை எழுதி வரைந்த இசயாமா சில பக்கங்கள் கூடுதலாகச் சேர்த்தார். போன நவம்பரில் நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னால் பேசும்போதுகூட முடிவைப் பற்றி அவருக்கே மனம் ஆறவில்லை என்பது தெரிந்தது. அதனால்தான் எனக்கு இந்த அனிமேவில் நம்பிக்கை. கதையை மாற்ற வேண்டாம், நாலு வசனத்தில் கை வைத்து, மூச்சு விட இடம் கொடுத்தாலே போதும், அதே முடிவு வேறு மாதிரி உட்காரும்.

உங்கள் நண்பர் சிரிப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள், நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சிரிப்போம்.

ரெய்னர்_பாவம்:
பார்க்க வேண்டியது என்று கேட்டால் என் ஓட்டு இரண்டாம் சீசன் ஆறாவது எபிசோடுக்கு. சுவர் மேல் எல்லோரும் என்னவோ பேசிக்கொண்டிருக்கும்போது, எரனின் படைத் தோழன் ரெய்னர் சாதாரணமாக, ஏதோ மறந்துபோன விஷயத்தைச் சொல்கிற மாதிரி, நான்தான் ஆர்மர்ட் டைட்டன், இவன்தான் கொலோசல் டைட்டன் என்று சொல்லிவிடுகிறான். கதைத் தொடக்கத்தில் ஊரின் சுவரை உடைத்த டைட்டன்கள் அவை. வேறொரு சீரிஸாக இருந்தால் அதற்கு இசை போட்டு, முகத்தை நெருக்கத்தில் காட்டி, எபிசோடையே அங்கே முடித்திருப்பார்கள். எரனோ உனக்கு அலுப்பு, ஓய்வெடு என்கிற தொனியில் பதில் சொல்கிறான்! அப்புறம் ரெய்னர் கைக்கட்டை அவிழ்க்கிறான், டைட்டனாக மாறக்கூடியவர்களுக்கு வருகிற மாதிரி காயத்திலிருந்து ஆவி வருகிறது, அப்போதுதான் நமக்கே வயிற்றைப் பிசைகிறது.

அதை முடித்த கையோடு நாலாம் சீசன் ஐந்தாவது எபிசோடைப் போடுங்கள். மேலே மேடையில் எதிரி நாட்டுப் பிரபு வில்லி டைபர் முழங்குகிறார், கீழே நிலவறையில் எரனும் ரெய்னரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த முறை நடுங்குகிறவன் ரெய்னர், அமைதியாகப் பேசுகிறவன் எரன். ராம்ஸி இடம் உங்களை ஏன் இப்படிப் போட்டு உலுக்கியது என்பதற்கு இந்த இரண்டு எபிசோடுக்குள் பதில் இருக்கிறது என்பது என் கட்சி. எரன் ரெய்னராகவே ஆகிப்போனான், அவ்வளவுதான். அதனால் கடைசியில் அவனுக்கு யாரும் மன்னிப்பு வழங்கிவிடக் கூடாது, வழங்கினால் நான் டிவியை அணைத்துவிடுவேன்.

நேரமிருந்தால் முதல் எபிசோடும். தலைப்பு ‘2000 ஆண்டுகளுக்குப் பிந்தைய உனக்கு’. நாலாம் சீசனில் முதல் டைட்டனான யிமிர் கதை வருகிற எபிசோடின் தலைப்பு ‘2000 ஆண்டுகளுக்கு முந்தைய உன்னிடமிருந்து’. இடையில் ஒன்பது வருடம்!

இன்னும்_எத்தனை_ஃபைனல்:
2020 டிசம்பரில் ‘ஃபைனல் சீசன்’ என்றார்கள். 2022 ஜனவரியில் அதற்கு இரண்டாம் பாகம், இந்த மார்ச்சில் மூன்றாவதன் முதல் பாதி, இப்போது மீதிப் பாதி. கல்யாண மண்டபத்திலேயே ஆறு மாதம் ஓட்டுகிற மெகா சீரியல் இதைவிடத் தேவலாம். ஆனாலும் இப்போது இதைச் செய்கிற மாப்பா ஸ்டுடியோவைக் குறை சொல்ல மனசு வரவில்லை, விட் ஸ்டுடியோ மூன்று சீசன் செய்து வைத்த பெயரைப் பாதியில் வாங்கிச் சுமப்பது லேசான காரியம் இல்லை. நடையும் புகையுமாக டைட்டன்கள் கூட்டமாக உலகை மிதித்து வருகிற அந்த ரம்ப்ளிங் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், மாங்காவில் அது கிடைக்காது.

மன்னிப்பு பற்றி ரெய்னர்_பாவம் சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிறுவயது நண்பர்களான மிகாசாவும் ஆர்மினும் கடைசி நிமிடத்திலும் எரனை வெறுக்காமல் இருந்தால்தான் எனக்கு இது இன்னும் கனமாக இருக்கும்.

சுவரேறி:
சரி, மாங்காவைத் தொடவில்லை. ரெய்னர் எபிசோடை இன்றைக்கே போடுகிறேன். நேரம் மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பேஸ்மென்ட்_சாவி:
ஜப்பானில் என்ஹெச்கே டிவியில் நள்ளிரவு 12 மணி, அதாவது நமக்கு சனிக்கிழமை இரவு 8:30. அதிகாரப்பூர்வமாக நமக்குக் கிடைக்க அதற்கப்புறம் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் யூடியூப் பக்கம் தலைவைக்காதீர்கள், வீடியோவைத் திறக்கவே வேண்டாம், முகப்புப் படத்திலேயே யார் செத்தது என்று போட்டுவிடுவார்கள். வாட்ஸப் குழுக்களை வெள்ளிக்கிழமையே மியூட் செய்துவிடுங்கள்.