ஜெர்மனில் ஆங்கிலக் கடன்சொற்களின் பால்: வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மன் பி1 (இடைநிலை) தேர்வுக்குப் படித்து வரும் நான், அம்மொழியில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு பெயருக்கு முன் வந்து பாலைக் காட்டும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நடுப்பால்) ஆகிய மூன்றில் எதைச் சேர்ப்பது என்பதை முறையாகக் கற்க விரும்புகிறேன். ‘எர்’ என முடியும் கம்ப்யூட்டருக்கு டெர், ‘இங்’ என முடியும் மீட்டிங்குக்கு டாஸ் என்பது போன்ற ஈற்று விதிகளில் எனக்குச் சிக்கல் இல்லை. பொருள் நெருங்கிய ஜெர்மன் சொல்லின் பாலைக் கடன்சொல்லும் ஏற்கும் என்பதால், பெண்பாலான ‘போஸ்ட்’ (அஞ்சல்) என்பதைப் பின்பற்றி ‘டீ இ-மெயில்’ என்கிறார்கள். ஆனால் தென் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் ‘டாஸ் இ-மெயில்’ என்றும் வழங்குகிறது. ‘ப்ளாக்’ (வலைப்பதிவு) என்பதற்கோ டூடன் அகராதியே டாஸ், டெர் இரண்டையும் அனுமதிக்கிறது. (இத்தகைய தாராளம் கற்பவருக்குப் பெரிதாக உதவுவதில்லை.)

இப்படி இரண்டும் செல்லும் சொற்களில், தேர்வுக் கட்டுரையில் எதை எழுதுவது பாதுகாப்பானது? ‘டவுன்லோட்’ செய்தேன் என்பதற்கு ‘டவுன்கெலோடெட்’, ‘கெடவுன்லோடெட்’ ஆகிய இரு வடிவங்களும் காதில் விழுகின்றன. அலுவலகக் கடிதங்களில் இவற்றைத் தவிர்த்து ‘ஹெருன்டர்லாடன்’ என்ற ஜெர்மன் வினையையே பயன்படுத்துவது நல்லதா? ஜெர்மனியில் பணிபுரிவோரும் ஜெர்மன் கற்பிப்போரும் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.