மேம்பாலம் வழியாகப் போகும் பஸ் எது? பெங்களூரு மக்களே, கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம். சந்தாபுராவில் இருக்கேன். முழங்கால் வைத்தியத்துக்காக ஒசூரிலிருந்து அம்மா வந்திருக்காங்க. வாரம் ரெண்டு நாள் காலையில் 9 மணிக்குள் வில்சன் கார்டன் போய்ச் சேரணும்.

356 வரிசை பஸ் நிறைய வருது. ஆனால் கீழ் ரோட்டில் போனால் சிங்கசந்திரா, கூட்லு கேட், பொம்மனஹள்ளினு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்குது. போன செவ்வாய் அப்படி ஒண்ணில் ஏறிட்டோம். இறங்கும்போது அம்மாவால் காலை மடக்கவே முடியலை, பார்க்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு பக்கம் வரை சுமார் 10 கி.மீ. மேம்பாலத்தில் போகிற பஸ் கிடைச்சால் நடுவில் நிற்காமல் போயிடலாம்.

பஸ் போர்டு கன்னடத்தில் இருக்கு, எனக்குப் படிக்க வராது. மேலே போகிற பஸ்ஸை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீங்க? காலை 7 மணி வாக்கில் சந்தாபுராவில் உட்கார இடம் கிடைக்குமா, இல்லை ஒசூர் பக்கம் தள்ளி இருக்கிற அத்திபெலே போய் ஏறுவது நல்லதா?

மஞ்சள் லைன் மெட்ரோவில் போனால் ரெண்டு பக்கமும் ஆட்டோ தேவைப்படுது. அம்மா ஆதாரில் ஒசூர் முகவரி, அதனால் கர்நாடகப் பெண்களுக்கான சக்தி திட்டத்து இலவச பஸ் டிக்கெட் கிடையாது. காசு பரவாயில்லை, அவங்க உட்கார்ந்து போனால் போதும். தினமும் அந்த வழியில் போகிறவங்க தயவுசெய்து சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்பணும்.