புதுப்பிப்பு: டீயுடன் சிகரெட், 7 வாரங்களுக்குப் பிறகு

"டீயுடன் பிடிக்கும் சிகரெட்டை விட்ட மூன்றாம் நாளே தோற்றுவிடுகிறேன், என்ன தவறு செய்கிறேன்?" என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

பலித்தது, கடையை மாற்றச் சொன்ன யோசனைதான். மஞ்சக்குப்பத்தில் வழக்கமான டீக்கடைப் பக்கமே போகவில்லை. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, கையில் சுண்டல் பொட்டலம். வைராக்கியத்தை மட்டும் நம்பியது என் பழைய பிழை.

எதிர்பாராத தொல்லை, சிகரெட் ஆசையைத் தணிக்க மெல்லும் நிக்கோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம் வாங்கி மிட்டாய்போல் மென்றேன், விக்கலும் நெஞ்செரிச்சலும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் வெற்றிலையை அடக்குவதுபோலக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். டீ, காபி குடித்து 15 நிமிடங்கள் கழித்தே போட வேண்டும். இல்லாவிட்டால் நிக்கோடின் சரியாக உடலில் சேராது.

20ஆம் நாள் ஒரு கல்யாணத்தில் ஒன்று பிடித்துவிட்டேன். முன்பென்றால் பாக்கெட்டே வாங்கியிருப்பேன். இம்முறை மறுநாளை 21 என்றே எண்ணினேன்.