கிரவுண்டில் கட்டிய டிரான்சிஸ்டர் ஏன் அசைகிறது?

செராஸ் தம்பி:
ஜாலான் பாசாரில் நான்கு 2என்3904 டிரான்சிஸ்டர் வாங்கி வந்து, அதில் இரண்டை வைத்து டிபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் (இரண்டு உள்ளீட்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் சர்க்யூட்) கட்டினேன். சப்ளை ±15 வோல்ட், ஒவ்வொரு கலெக்டர் காலுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு எமிட்டர் காலையும் சேர்த்து மைனஸுக்கு ஒரு 15 கிலோ ஓம். ஒரு பேஸ் காலைக் கிரவுண்டில் (0 வோல்ட்டில்) கட்டிவிட்டு மற்றதில் சிக்னல் கொடுத்தால் இரண்டு கலெக்டரும் எதிரெதிராக அசைகின்றன. எப்படி?

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
எல்லாம் அந்த 15 கிலோ ஓம் செய்யும் வேலை, தம்பி. அதில் ஓடுவது சுமார் 1 மில்லி ஆம்பியர், அது லேசில் மாறாது. ஒருவன் கூடுதலாக எடுத்தால் மற்றவனுக்குக் குறையும். ஆலன் புளூம்லைன் 1936இல் வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்துக் காப்புரிமை கேட்ட சர்க்யூட் இது. நீண்ட வால் ஜோடி என்ற பெயரே அந்த ரெசிஸ்டரால்தான்.

கிள்ளான் கணக்கு:
பங்கு பிரிக்கும் கதை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகும் என்பது) எவ்வளவு என்று சொல்லாது. முதல் டிரான்சிஸ்டர் எமிட்டர் ஃபாலோயர் (பேஸின் அசைவை எமிட்டரில் தருவது), இரண்டாவது காமன் பேஸ் (பேஸ் அசையாமல், எமிட்டரில் சிக்னல் வாங்குவது). பேஸில் 2 மில்லிவோல்ட் கொடுத்தால் எமிட்டரில் 1 வரும். உள் எமிட்டர் தடை சுமார் 50 ஓம். ஆக 0.02 மில்லி ஆம்பியர் மாறும், 10 கிலோ ஓமில் அது 0.2 வோல்ட். கெயின் 100. இப்படிப் படித்தால்தான் தேறும்.

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
உங்கள் கணக்கு சில மில்லிவோல்ட் வரைதான் செல்லும். பேஸ்களுக்கிடையே 60 மில்லிவோல்ட் வைத்துப் பாருங்கள், மின்னோட்டம் 10க்கு 1 என்று பிரிந்துவிடும். அங்கே 100 என்ற கெயின் எங்கே போனது? அப்புறம், இரண்டு பேஸையும் சேர்த்து 1 வோல்ட் தூக்கினால் கலெக்டர் 0.33 வோல்ட்தான் இறங்கும். வாலான அந்த 15 கிலோ ஓம்தான் பிடித்து வைக்கிறது.

செராஸ் தம்பி:
இன்று ஏர்கான் அறையில் முதல் டிரான்சிஸ்டரை விரலால் பிடித்தேன். 10.2 வோல்ட்டில் இருந்த கலெக்டர் மெதுவாக 9.6க்கு இறங்கியது. விட்டதும் திரும்பி ஏறியது.

கிள்ளான் கணக்கு:
அதுதானே நான் சொன்னது! ஒரு டிகிரி சூடேறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் குறையும். உங்கள் விரல் கொடுத்தது 3 டிகிரி இருக்கும். 6 மில்லிவோல்ட்டை 100ஆல் பெருக்குங்கள்.

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
சரி, கெயினுக்கு உங்கள் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். தம்பி, இரண்டையும் தட்டைப் பக்கம் ஒட்டும்படி சேர்த்துக் கட்டி, சேர்த்தே சூடாக்குங்கள். இறக்கம் வெகுவாகக் குறையும். பிறகு 15 கிலோ ஓமை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரால் ஒரு கரண்ட் சோர்ஸ் (மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சர்க்யூட்) வையுங்கள். வாங்கிய நான்கில் இரண்டு மிச்சம் இருக்கிறதே.