92 டொயோட்டா பிக்கப், இறக்கிய வண்டி: முன்னால் தட்டுது, 60 மைலில் அதிருது, மழையில் பின்சக்கரம் லாக் ஆகுது

நாலுசக்கரம்
வண்டி: 1992 டொயோட்டா பிக்கப், 2 வீல் டிரைவ், சாதா கேபின், ஷார்ட் பெட், 22ஆர்-ஈ இன்ஜின், 5 கியர். ஓடுவது கலிபோர்னியாவில். வாங்கும்போதே உயரம் இறக்கித்தான் இருந்தது. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்கா வேலை செய்யுற கம்பி) போல்ட்டைத் தளர்த்தி சுமார் 3 அங்குலம், பின்னால் 3 அங்குல பிளாக் (பின் அச்சுக்கு அடியில் வெக்கிற கட்டை).

பிரச்சனைகள்:
1. சின்னப் பள்ளத்துக்கே முன்னால் "டம்"னு இடிக்குது. ஷாக் நாலும் புதுசு.
2. 55 மைலில் ஆரம்பிச்சு 65 வரைக்கும் சீட்டுக்கு அடியில் அதிர்வு. சக்கரம் பேலன்ஸ் பண்ணியாச்சு, மாறல.
3. ஈர ரோட்டில் பிரேக் அழுத்தினா பின்சக்கரம் முதல்ல நின்னு வழுக்குது.
4. முன் டயர் ரெண்டும் உள்பக்கம் தேயுது.

நாலுக்கும் காரணம் ஒண்ணா, தனித்தனியா? இறக்கினதை மொத்தமா திருப்பி ஏத்தாம சரி பண்ண முடியுமா?

பெட்மேட்
பம்ப் ஸ்டாப் ரப்பரை (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது முட்டுற ரப்பர்) கழட்டிப் போடுங்க ப்ரோ. இடிக்கிறது நின்னுடும்.

ஸ்பேனர்14
தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. ரப்பர் போனா ஆர்ம் (சக்கரத்தைப் பிடிச்சு மேலே கீழே ஆடுற கை) நேரா பிரேமில் இரும்போட இரும்பா இடிக்கும். இல்லேன்னா ஷாக் உள்ளே முட்டி, அதோட அடி மவுண்ட் பிய்யும்.

நாலும் தனித்தனி. ஒவ்வொண்ணா வாங்க.

முன்பக்கம்: டார்ஷன் பாரைத் தளர்த்துறதால ஸ்பிரிங் மெத்துன்னு ஆகிடாது. பாரோட விறைப்பு அப்படியேதான் இருக்கும். ஆர்ம் மேலே போக மிச்சம் இருக்கிற தூரம்தான் குறையும். 3 அங்குலம் இறக்கினா வண்டி கிட்டத்தட்ட பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடுது. ரப்பர்தான் ஸ்பிரிங் வேலை பார்க்குது. புது ஷாக் போட்டும் மாறாததுக்குக் காரணம் இதுதான்.

உறுதி பண்ண: குழந்தைங்க விளையாடுற களிமண்ணை அரை அங்குலக் கனத்துக்கு பம்ப் ஸ்டாப் மேல ஒட்டி, வழக்கமான ரோட்டில் ரெண்டு மைல் ஓட்டுங்க. சப்பையாகி வந்தா முடிவு தெரிஞ்சுடும்.

சரி செய்ய, ஒரு அங்குலம் ஏத்துங்க. ஜாக்கி போட்டு, பிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் வெச்சு, முன்சக்கரம் ரெண்டும் தொங்கணும். அப்பதான் போல்ட்டில் பளு குறையும். சக்கரம் தரையில் இருக்கும்போது திருகினா மரை உரிஞ்சிடும். முந்தின நாளே துரு எண்ணெய் அடிச்சு வையுங்க. தொடங்குறதுக்கு முன்னால போல்ட் எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு அளந்து எழுதிக்குங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சுத்து, கீழே இறக்கு, முன்னும் பின்னும் 20 அடி உருட்டு, பிறகு அள. உருட்டாம அளந்தா டயர் பக்கவாட்டில் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு பொய் உயரம் காட்டும். இடம் வலம் சுத்து எண்ணிக்கை சமமா இருக்கணும்னு தேவையில்லை. உயரம்தான் சமமா வரணும்.

பாரைக் கழட்ட வேண்டி வந்தா ஸ்பிளைன்ல (பார் முனையில் உள்ள பல்வரிசை) பெயின்ட் அடையாளம் வையுங்க, இடம் வலம் மாத்தாதீங்க. பார் மேல சுத்தியல் கீறல், கிரைண்டர் கீறல் எதுவும் படக்கூடாது. அந்தக் கீறலில்தான் பின்னாடி விரிசல் விடும்.

அந்த 3 அங்குலம் வேணும்தான்னா டிராப் ஸ்பிண்டில் போடுங்க. சக்கரம் மாட்டுற ஹப் இருக்கிற இடம் மேலே போகும், ஆர்ம் ரெண்டும் பழைய கோணத்திலேயே நிக்கும், பயணத் தூரம் மிஞ்சும். வாங்குறதுக்கு முன்னால உங்க வீலுக்கு உள்ளே அதுக்கு இடம் இருக்கான்னு பார்க்கணும்.

கிரவுன்பினியன்
அதிர்வு பற்றி. சாதா கேபின் ஷார்ட் பெட்னா, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போற புரொபெல்லர் ஷாஃப்ட் ஒரே துண்டாத்தான் இருக்கும், நடுவில் தாங்குற சென்டர் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். பினியன் (பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேர்ற பல்சக்கரத் தண்டு) கோணத்தைப் பாருங்க.

டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒண்ணு வாங்கிக்குங்க. வண்டி சமதரையில், எடை முழுக்க டயர் மேல இருக்கணும். பின் அச்சு தொங்கும்போது எடுத்த அளவு குப்பை. கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் பின்பக்கமா எத்தனை டிகிரி கீழே சாயுது, பினியன் முன்பக்கமா எத்தனை டிகிரி மேலே பார்க்குது, ரெண்டையும் எழுதுங்க. கூடவே பிளாக்கைப் பக்கவாட்டில் பாருங்க: முன் பின் உயரம் ஒண்ணா, ஒரு பக்கம் கனமா?

நாலுசக்கரம்
அளந்தேன். கியர்பாக்ஸ் 3 டிகிரி கீழே. பினியன் 5 டிகிரி மேலே. பிளாக் சாய்வாத்தான் இருக்கு, "2°"ன்னு பொறிச்சிருக்கு. கனமான பக்கம் முன்னால இருக்கு. களிமண்ணும் சப்பை.

கிரவுன்பினியன்
பிளாக் திரும்பிப் போட்டிருக்கு. அவ்வளவுதான்.

இந்த 2 வீல் டிரைவ் வண்டியில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்கு அடியில் இருக்கு. பிளாக் ரெண்டுக்கும் நடுவில் உட்காருது. கனமான முனை முன்னால வந்தா அச்சோட முன்பக்கம் தூக்கும், பினியன் மூக்கு மேலே போகும். தட்டையான பிளாக்கா இருந்தா 3 வந்திருக்கும். இப்போ கூட ரெண்டு சேர்ந்து 5. திருப்பிப் போட்டா 1 வரும், அதாவது கியர்பாக்ஸ் கோணத்தை விட 2 டிகிரி கம்மி. பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு அதுதான் வேணும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பட்டை முறுக்கி மூக்கு கொஞ்சம் மேலே வரும், ரெண்டு கோணமும் ஏறத்தாழ இணையாகும். அப்போ முன் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) உண்டாக்குற வேக ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் அழிச்சிடும்.

மத்தவங்க கவனத்துக்கு: இதே கம்பெனியோட 4 வீல் டிரைவ் பிக்கப்பில் பட்டை அச்சுக்கு மேல இருக்கு. அங்கே பிளாக் போட்டா வண்டி ஏறும். பழைய ஷெவி சி1500லயும் அப்படித்தான். அதனாலதான் அதுக்கு பட்டையை அச்சுக்கு அடியில் கொண்டு போற ஃப்ளிப் கிட்.

திருப்பும்போது: யூ போல்ட்டைப் புதுசாப் போடுங்க, ஒருதடவை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக்கூடாது. பட்டையோட சென்டர் போல்ட் தலை பிளாக் குழியில் முழுசா இறங்கணும், பிளாக்கோட முளை அச்சில் உள்ள துளையில் உட்காரணும். திருப்பினதும் முளை பொருந்தலேன்னா வலுக்கட்டாயமா பொருத்தாதீங்க, தட்டையான பிளாக் வாங்கிடுங்க. பிளாக் மேல பிளாக் வேண்டவே வேண்டாம். யூ போல்ட்டை நாலு மூலையும் குறுக்கு நெடுக்கா, கையேட்டில் உள்ள டார்க்குக்கு. முடிச்சதும் பட்டை முன் கண் போல்ட்டிலிருந்து அச்சு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. வித்தியாசம் இருந்தா வண்டி நண்டு மாதிரி ஓடும்.

பழைய இரும்பு
மூணாவது கேள்வியை யாரும் தொடல. உயிருக்கு ஆபத்தானது அதுதான், தம்பி, முதல்ல அதைப் பாருங்க.

பின் அச்சுக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு கம்பி போய் பிரேமில் உள்ள ஒரு வால்வில் முடியுதான்னு பாருங்க. அது பளு உணரும் பிரேக் வால்வு. பெட்டில் சுமை ஏறினா அச்சு பிரேமை நெருங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். 3 அங்குல பிளாக் போட்டதும் அச்சு எப்பவும் 3 அங்குலம் நெருங்கியே நிக்குது. காலி வண்டியை சுமை வண்டின்னு வால்வு நினைக்குது. காலி பிக்கப்புக்கு ஏற்கெனவே பின்பக்கம் எடை இல்லை, அதான் வழுக்குது.

அச்சுப் பக்கம் கம்பி மாட்டுற இடத்தை, பிளாக் உயரம் எவ்வளவோ அவ்வளவு கீழே இறக்கணும். கனமான பிளேட்டில் ஒரு நீட்டிப்பு பிராக்கெட் செஞ்சா போதும். கம்பியை வளைச்சு சமாளிக்க வேண்டாம். வால்வை எடுத்துட்டு நேர்க்குழாய் போடுறதும் வேண்டாம், அது இன்னும் மோசம். வேலை முடிஞ்சதும் ஆளில்லாத ஈர இடத்தில் 20 மைலில் அழுத்திப் பாருங்க. முன்சக்கரம்தான் முதல்ல நிக்கணும்.

ஸ்பேனர்14
டயர் தேய்மானத்துக்கு: உள்ளங்கையை டிரெட் மேல குறுக்கே ஓட்டுங்க. ஒரு திசையில் வழவழன்னும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தா டோ (மேலேயிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறது). வழவழன்னு உள்பக்கம் மட்டும் இறங்கியிருந்தா கேம்பர் (முன்னாலயிருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கிறது). இறக்கின வண்டியில் ரெண்டும் மாறும், ஆனா டயரை வேகமாத் தின்னுறது டோதான். கேம்பருக்கு மேல் ஆர்மில் ஷிம் (மெல்லிய தகடு). உயரம் முடிவான பிறகுதான் அலைன்மென்ட், முதல்லயே போனா காசு வீண்.

நாலுசக்கரம்
முன்னால ஒரு அங்குலம் ஏத்தினேன், இடி நின்னுடுச்சு. பிளாக் முளை ரெண்டு பக்கமும் பொருந்துது, திருப்பிப் போட்டு 1 டிகிரி வந்தது. 70 வரைக்கும் அதிர்வு இல்லை. வால்வு கம்பி இருக்கு, பிராக்கெட் இன்னும் செய்யல. பின்னால அச்சுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்தான் இருக்கு. சி-நாட்ச் (அச்சு மேலே வர பிரேமில் அரைவட்டம்) வெட்டணுமா?

கிரவுன்பினியன்
சுமை ஏத்துவீங்களா என்பதைப் பொறுத்தது. காலியா ஓட்டுறதுன்னா பாதி உயர பம்ப் ஸ்டாப் மாத்தினா போதும். 500 பவுண்டு ஏத்துவீங்கன்னா 2 அங்குல பிளாக்குக்கு இறங்கிடுங்க, வெட்டுறதை விட மலிவு. அப்படி மாத்தினா பிராக்கெட்டும் 2 அங்குலம்தான். நாட்ச்னா பிரேமை வெட்டுறதுக்கு முன்னாலயே வலுவூட்டும் தகடு கையில் இருக்கணும், வெறும் அரைவட்டம் வெட்டி விட்டா பிரேம் அங்கேயே மடியும்.

இன்னும் இறக்கும் ஆசை இருந்தா: வீல் ரிம்மோட அடிவிளிம்பை விடக் கீழே வண்டியோட எந்தப் பாகமும் தொங்கக்கூடாதுன்னு கலிபோர்னியா வாகனச் சட்டம் 24008 முன்னாடி சொல்லிச்சு, 2024 தொடக்கத்திலிருந்து அந்தப் பிரிவு நீக்கப்பட்டுடுச்சு.

பழைய இரும்பு
பிராக்கெட் போடும் வரை மழையில் எடுக்காதீங்க தம்பி. யூ போல்ட்டை 100 மைல் ஓடினதும் மறுபடி டார்க் வையுங்க. ஹெட்லைட்டும் ஒருதடவை சரி பண்ணிக்குங்க, முன்பக்கம் ஒரு அங்குலம் ஏறினதில் எதிரே வர்றவர் கண்ணில் அடிக்கும்.