மினிடிவி கேசட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை, பழைய ஃபைலும் கோடு கோடாக ஓடுகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். 2004-லிருந்து 2008 வரை எடுத்த மினிடிவி (MiniDV, வீடியோ கேமராவில் போடும் சின்ன டிஜிட்டல் கேசட்) கேசட்டுகள் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. அக்கா கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் அதில்தான். அப்பா இப்போது இல்லை, அவர் பேசுவது பதிவாகியிருப்பதும் இவற்றில் மட்டும்தான், அதனால் எப்படியாவது எடுத்தாக வேண்டும். எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் ஒரு கேசட்டை மட்டும் ஏற்றியிருந்தோம், பிறகு அதன் போர்டு போய்விட்டது.

இப்போது இருப்பது புது டெஸ்க்டாப், விண்டோஸ் 11. கேமராவை யூஎஸ்பி கேபிளில் போட்டால் மெமரி கார்டில் உள்ள போட்டோ மட்டும் தெரிகிறது, கேசட்டில் இருப்பது வரவில்லை. கேமராவின் ஃபயர்வயர் இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் என்று ஆன்லைனில் விற்ற சின்ன அடாப்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. பழைய ஏவிஐ ஃபைலை ஓட்டினால் யாராவது கையை அசைக்கும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன. கேமரா போய்விட்டதா?

பதில் 1

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மினிடிவி கேமராவில் யூஎஸ்பி பெரும்பாலும் மெமரி கார்டு போட்டோவுக்கு மட்டும்தான். சிலவற்றில் வீடியோவும் போகும், ஆனால் மங்கலாக, வெப்கேம் தரத்தில். கேசட்டில் இருப்பதை அப்படியே எடுக்க ‘டிவி அவுட்’ (DV Out) அல்லது ‘ஐ.லிங்க்’ என்று எழுதியிருக்கும் சின்ன 4 பின் துளை வேண்டும், அதுதான் ஃபயர்வயர். நீங்கள் வாங்கிய அடாப்டருக்குள் சிப் எதுவும் இருக்காது, கம்பியை மட்டும் மாற்றிக் கொடுக்கும். ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசும் முறையே வேறு, ஆகவே அது எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்யாது. மேற்கொண்டு அதை மாட்டிப் பார்க்காதீர்கள், கேமராவின் போர்ட் கெட வாய்ப்பு உண்டு.

டெஸ்க்டாப் என்பதால் உங்களுக்கு வழி சுலபம். கம்ப்யூட்டருக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று போடுங்கள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளது கிடைத்தால் நல்லது. சென்னை என்றால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். கல்யாண வீடியோ மிக்சிங் செய்த பழைய ஸ்டூடியோக்களிலும் கேளுங்கள், அவர்களில் பலரும் இதை வைத்துத்தான் வேலை செய்தார்கள். கார்டு பக்கம் 6 பின், கேமரா பக்கம் 4 பின் கேபிள். மாட்டும்போது கேமரா அணைந்திருக்கட்டும், 6 பின் போர்ட்டில் மின்சாரமும் வருகிறது.

கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. பழைய ஸ்டூடியோ ஒன்றில் கார்டும் கேபிளும் கிடைத்துவிட்டன. டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறது, ஆனால் கேசட்டைப் பதிவு செய்யும் வின்டிவி (WinDV) மென்பொருளில் கேமரா வரவில்லை.

பதில் 2

கேமராவைப் பதிவு முறையில் வைத்திருந்தால் ‘விசிஆர்’ அல்லது ‘ப்ளே’ பக்கம் திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிரைவர்தான். விண்டோஸ் 7-இல் 1394-க்கு (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) புது டிரைவர் வந்தது, பழையது ‘லெகஸி’ என்ற பெயரில் கூடவே இருந்தது. விண்டோஸ் 8-இல் அந்த லெகஸியை எடுத்துவிட்டார்கள். மினிடிவி கேமரா பலவும் புதியதோடு ஒத்துப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாக வெளியிட்டது, 1394 ஓஹெச்சிஐ லெகஸி டிரைவர் என்று தேடுங்கள். நிறுவியதோடு வேலை முடியாது: டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் அப்டேட் டிரைவர் கொடுத்து, பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், பெயரின் கடைசியில் லெகஸி என்று இருப்பதைப் பிடித்து, பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் 11-லும் இது ஏறுகிறது.

கேட்டவர்

வந்துவிட்டது!! அப்பா குரல் கேட்டது, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் இருபது நிமிடத்துக்கு முன்பே பதிவு நின்றுவிடுகிறது, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில். வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் சேமிக்கிறேன். இன்னொரு கேசட்டில் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்தக் கோடுகளும் இருக்கின்றன.

பதில் 1

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நிற்பதற்குக் காரணம் அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருப்பது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. மினிடிவி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி தின்னும், கணக்குப் போட்டால் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கும். கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் பதியுங்கள், அல்லது வெளி டிஸ்க்கில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

கோடுகள் பழுது இல்லை. நம் ஊர் பால் (PAL) முறைக் கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது, ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாக, அதாவது ஒற்றை வரிகள் ஒரு நேரம், இரட்டை வரிகள் அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில். பழைய டியூப் டிவி அவற்றை மாறி மாறிக் காட்டும், கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் அசையும் இடத்தில் பிசிறு தெரிகிறது. விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (இந்தப் பிசிறை நீக்கும் வசதி) ஆன் செய்து, முறையில் யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள். போனில் அனுப்ப ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து எம்பி4 எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தயவு செய்து அசல் ஏவிஐயை அழிக்காதீர்கள். கேசட்டில் இருந்த டிஜிட்டல் பதிவு அப்படியே அதில்தான் இருக்கின்றன, எம்பி4 எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம்.

பதில் 3

கட்டம் உடைவது பெரும்பாலும் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகம்) அழுக்கு. மினிடிவி கிளீனிங் கேசட்டைப் பத்து நொடி ஓட்டுங்கள், அதிகம் வேண்டாம், ஹெட் தேயும். கேசட்டை ஒருமுறை கடைசி வரை சுற்றித் திரும்பச் சுற்றிவிட்டும் போடுங்கள். எல்பி முறையில் (டேப்பை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் முறை) பதிந்த கேசட் என்றால், பதிந்த அதே கேமராவில் போட்டால்தான் ஒழுங்காக வர வாய்ப்பு அதிகம். கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். தெரிந்தால் கேமராவில் போடவே கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுகளுக்கும் போய்விடும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள்.

இன்னொருவர்

அண்ணா, என்னிடம் லேப்டாப் மட்டும்தான். கார்டு போட இடமே இல்லையே?

பதில் 1

தெரிந்தவர்களிடம் ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால் சில நாள் கடன் வாங்குங்கள், அதுதான் செலவில்லாத வழி. 2012 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோவில், ரெட்டினா இல்லாததில், ஃபயர்வயர் 800 போர்ட் உண்டு. 9 பின்னிலிருந்து 4 பின் கேபிள் வாங்கினால் போதும். ஏவி கேபிளில் யூஎஸ்பி கேப்சர் குச்சி போட்டும் எடுக்கலாம், ஆனால் டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குவதால் தரம் குறையும். ஃபயர்வயருக்கு வழியே இல்லை என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.